எந்த மருந்து

— கண்ணை மூடுங்க. கால் கட்டை விரல்ல இருந்து ஆரம்பிங்க. ம்... தளர விடுங்க.

— ஏ வள்ளி, டாக்டர் சொன்னாத் தளருது. நீ சொன்னா விறைக்குது.

— டாக்டர் பேசிக் குடுத்த கேசட்டு சிக்கிக்கிருச்சுல்ல, இனி நாந்தான் கேசட்டு. அமைதியான ஒரு இடத்தை நினைங்க.

— நினைச்சுட்டேன்.

— எங்கன? ஆனைக்குட்டம் அணையா?

— மருந்து ரூமு.

— அடப் பாவி மனுசா! பட்டாசுக் கம்பெனியவா?

— அம்புட்டு அமைதி வேற எங்கன இருக்கு? வெடிமருந்து கலக்கயில எவனும் தும்மக்கூட மாட்டான்.

— அந்த அமைதிதான வயித்தக் கலக்குச்சு? வேலைக்குக் கிளம்பயில கொல்லைக்கும் வாசலுக்கும் ஓடுனது மறந்துபோச்சா?

— வேலைய விட்டதுல இருந்து வயிறு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் நல்லா இல்ல. இப்பத் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுறேன், என்னைய எவன் ‘மருந்துக்காரரே’ன்னு கூப்பிடுவான்?

— டாக்டர் விடச் சொன்னதுக்கு நான் என்ன செய்ய?

— அதத்தான் இன்னைக்கு விருதுநகர்ல அவருகிட்டயே கேட்டேன். ‘மருந்த விடச் சொன்னீக, வேலைய விட்டுட்டேன்’னேன். மனுசன் கண்ணாடியக் கழட்டிட்டு முழிக்காரு.

— ஏன்... என்ன சொன்னாக?

— ‘வயித்து மாத்திரையத்தானய்யா சொன்னேன்! குடல்ல ஒண்ணுமில்ல, பயந்தான். உடம்பத் தளர்த்தப் பழகுனாப் போதும், மருந்து வேண்டாம்னேன்’ங்காரு. அன்னைக்கு உங்கிட்டத்தான சொல்லி அனுப்புனாரு?

— கண்ண மூடச் சொன்னா நீங்க குறட்டை விட்டுட்டீக. டாக்டரே எந்திரிச்சு ஃபேனக் கூட்டி வச்சாரு...

— வள்ளி.

— நம்ம ஊர்ல மருந்துன்னா எது? அப்படித்தான் காதுல விழுந்துச்சு.

— சரி... விடு. நாளைக்குப் போர்மேனப் பாத்து, திரும்ப வாரேன்னு...

— அங்கன இடமில்லைங்க.

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— உங்க இடத்துலதான் பாண்டி நிக்கான்.

— எந்தப் பாண்டி? உந் தம்பியா? ஆலங்குளத்துக்கு சிமெண்டு லோடு ஏத்தப் போறேன்னான்?

— அங்கன எடுக்கல. இங்கன தீவாளி சீசனு... ஆள் இல்லைன்னதும் சேத்துக்கிட்டாக. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னான்.

— அவனுக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்? சின்னப் பய... கலவை தப்புனா வெடிச்சுருமே வள்ளி. ஏன் எந்திரிக்க?

— கொஞ்சம் தள்ளிப் படுங்க. பாயில எனக்கும் இடம் வேணும்.

— என்ன செய்யுது?

— விடியக்காலம் வேலைக்குப் போற அவன் சைக்கிள் மணி கேட்டா எனக்கு வயிறு கலக்குது. கட்டை விரல்ல இருந்து சொல்லுங்க... டாக்டர் எந்த மருந்தச் சொன்னாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.