தானா குறையுற சத்தம்

அத ஏன் தம்பி என்கிட்ட கேக்குறீங்க? இந்த ஹோம் தியேட்டரச் செஞ்சது உங்க கம்பெனி. முன்னாடி வந்த ரெண்டு பேரும் இப்படித்தான், ரிசீவரத் திருப்பி வச்சு, பின்னாடி இருக்கிற ஓட்டையெல்லாம் குனிஞ்சு பாத்துட்டு, அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாங்க. நல்லா அலறிட்டு இருக்கும், திடீர்னு சத்தம் தானா அமுங்கிடும். அவ்வளவுதான்.

அவரு வீட்ல இல்ல. போன வாட்டி வந்தவர் தடிச்ச வயரா மாத்தச் சொன்னாருன்னு கடைக்குப் போயிருக்காரு. அங்க ரெண்டு ரகம் இருந்துச்சுன்னா இன்னிக்கு வரமாட்டாரு.

சிரிக்காதீங்க. இத வாங்கினப்ப பட்டவ நான். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு. மாடல் பேர்ல கடைசி எழுத்து மட்டும் வேற. என்னைக் கட்டிக்க ஒரு டீ ஆறுற நேரத்துல சரின்னு சொன்ன மனுசன், இதுக்கு மாசக்கணக்கா யோசிச்சாரு. சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. கடைசியில உங்க கஸ்டமர் கேருக்கே போன் போட்டு என்ன வித்தியாசம்னு கேட்டாரு. இது மேம்பட்ட மாடல் சார், அது மேலும் மேம்பட்ட மாடல் சார்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாம். இவரும் பெரிசா வெளங்கிட்ட மாதிரி தலையாட்டிட்டு, மேலும் மேம்பட்டதத் தூக்கிட்டு வந்துட்டாரு.

செவுத்துல ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்செல்லாம் அதுக்கப்புறம் வந்தது. கதவு இடுக்குல ரப்பர் வேற. வெளிச்சத்தம் உள்ள வந்தா படத்தோட ஃபீலிங் போயிடுமாம்.

வெளிய என்ன சத்தமா? எங்க மாமனார்தான். பக்கத்து ரூம். ஒரு பக்கம் கையும் காலும் வராம படுத்துட்டாரு, பேச்சு மட்டும் தப்பிச்சுது. பெரியவனே, பெரியவனேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. தண்ணி வேணுமா மாமான்னு நான் போய் நின்னா, வேணாம்பாரு. மகன் மூஞ்சியப் பாக்கணும், அதுதான் வேணும். மகனுக்கோ அப்பாவ அந்தக் கோலத்துல பாக்க மனசு தாங்கலையாம். மனசு தாங்காததுக்கு ஏழு ஸ்பீக்கர்.

ஆமா, எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. பிளக்கக் கழட்டி மாட்டுங்கன்னாங்க, மாட்டினாரு. அப்டேட் போடுங்கன்னாங்க, போட்டாரு. வீட்ல ஈரம் ஜாஸ்தின்னாங்க. கரண்ட் சரியில்லன்னாங்க. உள்ள இருந்த போர்டையே மாத்தினாங்க. நடுவுல ஒருத்தர், நீங்க தப்பான மாடல் வாங்கிட்டீங்க சார், இன்னொண்ணுல இந்தப் பிரச்சனையே வராதுன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி இவரு சாப்பிடல.

எப்பெப்ப குறையுதுன்னா? மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் குரல் கம்மிப்போகும்ல, அப்ப.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ரிமோட்டுதான் எங்க வீட்டுக்காரர் கையில. உங்க கம்பெனி ஆப் என் போன்ல இருக்கு. வாங்கின புதுசுல பெருமைக்கு அவரே போட்டுக் குடுத்துட்டு மறந்துட்டாரு.

அப்பா கூப்பிடுறது காதுல விழட்டும்னுதான் மொதல்ல குறைச்சேன். விழுந்துச்சு. ஆனா அதுக்காகவா எந்திரிச்சாரு? உங்களுக்குப் போன் போட எந்திரிச்சாரு. இந்த ரூமுக்குள்ள டவர் கிடைக்காது. வீடு பூரா அலைஞ்சு பாத்தாச்சு, மாமா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற ஜன்னல்கிட்ட மட்டும்தான் லைன் நிக்கும். அங்க போய் வெளிய பாத்துக்கிட்டு, ஒன்ன அழுத்து, ரெண்ட அழுத்துன்னு அது சொல்றதையெல்லாம் அழுத்திட்டு நிப்பாரு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு பாட்டுப் போடுவீங்கல்ல, அது ஓடிக்கிட்டே இருக்கும். மாமா நல்லா இருக்கிற கையால இவர் சட்டை நுனியப் புடிச்சுக்குவாரு. இவரும் விடுங்கப்பான்னு சொல்றதில்ல தம்பி. நேத்து ஒரு கையில போன், இன்னொரு கையால அவர் தலையக் கோதிக்கிட்டு நின்னாரு. நான் கதவோரம் நின்னு அழுதுட்டேன்.

அதனால ரிப்போர்ட்ல கோளாறு இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. அப்புறம் உங்க ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. இந்த நம்பர்லேருந்து போன் வந்தா, உடனே எடுத்துட வேணாம்னு.