விடாத பிடி

இரவு பதினொன்று இருக்கும். அன்னவாசலிலிருந்து மேற்கே போகிற செம்மண் சாலை. வண்டி வாகனம் ஒன்றும் இல்லை. சாலையோரம் தன்னந்தனியாக ஒரு ரைஸ் மில்…

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாரோ எவரோ சொன்னதில்லை இது. அதோ, கதவோரம் உட்கார்ந்திருக்கிறாரே சோலையப்பன், அவருடைய அக்கா புருஷன் நல்லதம்பிக்கு நடந்தது. அந்தப் பக்கம் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அறுவடை நேரம். ராத்திரி ராத்திரியாக மில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லதம்பிக்குக் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல். கூட இருந்தது சோலையப்பனின் தம்பி நாகராசு மட்டும்.

"என்ன மச்சான், நின்னுக்கிட்டே தூங்குறீங்க? எங்கக்கா பாத்தா மில்லுக்கே பாய் குடுத்து அனுப்பிரும்."

"போடா. நெல்லு ஊறிருச்சான்னு போய்ப் பாரு."

நாகராசு சிரித்துக்கொண்டே போனான். நெல் கிடக்கிற இடத்தில் செருப்புக் காலோடு யாரும் நடக்க மாட்டார்கள், அவனும் வெறுங்கால். ஊறல் தொட்டிக்குள் விட்டு எடுத்த கை, துடைக்கவில்லை. அப்படியே வந்து மோட்டார் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டான்…

'ங்ங்ங்' என்று ஒரு முனகல். மோட்டார் சத்தம் என்றுதான் நல்லதம்பி நினைத்தார். பிறகு முடி கருகுகிற வாடை. திரும்பினால், நாகராசு பல்லைக் கடித்தபடி கிடுகிடுவென்று உதறுகிறான்.

நல்லதம்பி பாய்ந்தார். பாதியில் நின்றார். போன வருஷம் இதே இடத்தில்தான் மூட்டை தூக்குகிற செல்லமுத்து, கரண்டில் மாட்டிக்கொண்ட ஒருவனை வெறுங்கையால் பிடித்து இழுத்தான். இரண்டு பேருமே செத்துப் போனார்கள். அப்புறம் வந்த வயர்மேன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "கைய வைக்காதீங்கய்யா! மொதல்ல மெயின இறக்குங்க. இல்லாட்டி காஞ்ச கட்டையால தள்ளுங்க."

வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினார். விளக்கு அணைந்தது. மோட்டார் இழுத்து இழுத்து ஓய்ந்தது. அரிக்கேன் விளக்கோடு திரும்பி வந்தால்…

நாகராசு இன்னும் உதறிக்கொண்டிருந்தான்.

ஒரு கை பெட்டியில். மற்றொரு கை பின்பக்கம் நீண்டு, விறைப்பாக, யாரோ பிடித்து இழுப்பது போல…

"நல்லதம்பி…"

செல்லமுத்துவின் குரல். மூச்சு வாங்கியது.

"ஒரு வருசமா இழுக்குறேன்யா. வர மாட்டேங்குறான். கை ஓஞ்சு போச்சு… ஆள் மாத்து."

மூட்டை தூக்குகிறவர்களின் வழக்கம் அது. 'ஆள் மாத்து' என்று ஒருவன் சொல்லிவிட்டால், அடுத்தவன் எத்தனை அசதியில் கிடந்தாலும் எழுந்து வந்து கை போடுவான். மாட்டேன் என்று சொன்னவன் கிடையாது. நல்லதம்பியின் கை தன்னால் நீண்டது… விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல ஒரு துடிப்பு.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

காய்ந்த சாக்குகளை மடித்துப் போட்டு மேலே ஏறி நின்றார். நெல் தள்ளுகிற மரப்பலகையை எடுத்தார். பெட்டியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் கொடுத்து, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே தள்ளு.

நாகராசு தொப்பென்று விழுந்தான். மூச்சு இல்லை.

அன்றைக்கு வயர்மேன் சொல்லிக் கொடுத்திருந்தபடி குப்புறப் படுக்க வைத்து, முதுகை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். விட்டார். தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. அக்காக்காரிக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒன்றுதான் மனதில்…

கடைசியில் ஓர் இருமல். 'ஹக்'கென்று காற்றை இழுத்தான்.

நல்லதம்பி அவனைப் புரட்டி மல்லாக்கப் போட்டார். தள்ளாடி எழுந்து தண்ணீர்ப் பானைக்குப் போனார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் விளக்கு. முதுகுக்குப் பின்னால் நாகராசு ஈனக் குரலில் பேசினான்.

"மச்சான்… கைய விடுங்க. வலிக்குது."

திரும்பிப் பார்த்தார். நாகராசு கண்ணை மூடிக் கிடந்தான். அவனுடைய இடது கை மட்டும் அந்தரத்தில் தூக்கி நின்றது.

நல்லதம்பி சொம்பைக் கீழே வைத்தார்.

"செல்லமுத்து… ஆளு பொழச்சுட்டான்யா. போதும். விட்டுரு."

அந்தக் கை மெள்ள மெள்ள இறங்கியது. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, பதனமாகத் தரையில் வைக்கப்பட்டது.

சுவரோரம் அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகளில், மேல் மூட்டை யாரோ உட்கார்ந்தாற்போல நடுவில் அமுங்கியது.

"அப்பாடா…"

விடிகிற வரைக்கும் அது நிமிரவே இல்லை.