மூச்சை அடக்கி ஜெயித்தவள்

பெக்கான் நானாஸிலிருந்து ஜொகூர் பாரு போகும் மாலை பஸ்ஸில், "நேத்து நான் மூச்ச அடக்கித்தான்கா வேலையக் காப்பாத்திக்கிட்டேன்" என்றாள் முன்சீட்டுப் பெண். இவளுக்கு மூச்சுத்திணறலோ என்று நான் முன்னால் சாய்ந்து கேட்டேன்.

பக்கத்திலிருந்த அக்கா, "என்னடி சொல்ற?" என்றாள்.

"அன்னாசித் தோட்டத்து மண்ணு எவ்ளோ கரியமில வாயு விடுதுன்னு லேசர் பெட்டில அளக்கிறோம்ல? மண்ணு மேல நான் மூடியக் கவுக்கணும். உள்ள சேர்ற வாயு குழாய் வழியா பெட்டிக்குப் போகும். ரெண்டு வாரமா கவுத்த உடனே கணக்கு எகிறுது. எனக்கு மூடி வைக்கத் தெரியலன்னு மேனேஜர் வேற ஆள் தேடுறாரு."

"அப்புறம்?"

"நேத்து பெரிய மேடம் வந்தாங்க. அவங்க முன்னாடி, மேனேஜர் கிட்ட இல்லாதப்ப, மூச்ச அடக்கிக்கிட்டு வச்சேன். கணக்கு ஒழுங்கா வந்துச்சு. அப்புறம், 'சார், கிட்ட வந்து பாருங்க'ன்னேன். அவரு வழக்கம்போல குனிஞ்சு திட்டுனாரு. டக்குன்னு மூடியக் கவுத்தேன். எகிறிடுச்சு!"

"அலமாக்! அவரு மூச்சா?"

"மூச்சுலயும் அதே வாயுதானேக்கா. உள்ள மாட்டிக்கிச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"இனிமே மூடி என் பொறுப்பாம். அளக்கிறப்ப மேனேஜர் பத்தடி தள்ளி நிக்கணுமாம். இன்னிக்கு அங்க நின்னுதான் திட்டுனாரு. காத்துல ஒண்ணுமே கேக்கல லா!"