இருபத்தொன்பதாம் நோன்புக்கு ஒரு பைனாகுலர்

ஸஹ்ரான்: இந்த பைனாகுலர்ல எட்டு, இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அதுல பத்து, இருபத்தஞ்சு. அப்ப பத்துதானே நல்லது, உம்மு சாலிம்?

ஷம்ஸா: சாலிமோட உம்மா சொல்றேன், கேளு தம்பி. பத்து மடங்கு கிட்ட காட்டும். உன் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும்.

கல்ஃபான்: நோன்புல எவனுக்குத்தான் கை நடுங்காது? சீக்கிரம் எடுடா. அஸர் தொழுதாச்சு. சூரியன் விழறதுக்குள்ள பிறை பார்க்கக் கோட்டை மேல நிக்கணும்.

ஸஹ்ரான்: இரு... மாலை வகுப்பு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு, பையில அடங்கணும். ரெண்டு, காலையில கழிமுகத்துல பறவை பார்க்கணும். மூணு, நட்சத்திரம். நாலு, விலை...

ஷம்ஸா: ஒண்ணும் மூணும் ஒத்துப் போகாதே. நட்சத்திரத்துக்கு முன்கண்ணாடி, அதான் அந்த ரெண்டாவது நம்பர், பெரிசா வேணும். இந்தா, ஏழு-ஐம்பது. ஒரு மாலுமி வித்துட்டுப் போனது. மங்கின வெளிச்சத்துலயும் பளிச்சுன்னு இருக்கும்.

ஸஹ்ரான்: ஏழு, பத்தை விடக் குறைச்சல். ஆனா இதுலதான் பளிச்சுன்னு... எப்படி?

கல்ஃபான்: கேக்காத. கேட்டா இன்னும் குழம்புவ. தூக்கிப் பாரு, ஆட்டுக்குட்டி கனம்.

ஷம்ஸா: நிஜமா நட்சத்திரத்துக்கா, பிறைக்கா? இன்னைக்கு இருபத்தொம்பதாம் நோன்பு, பிறை தெரிஞ்சா நாளைக்கே பெருநாள். ஊரே உங்க ரெண்டு பேர் வாயைத்தான் பார்த்துட்டு இருக்கு.

ஸஹ்ரான்: நட்சத்திரத்துக்குத்தான்.

கல்ஃபான்: பிறைக்கு இவனுக்குக் கண்ணாடி எதுக்கு? போன வருஷம் நாப்பது பேர் நின்னோம். ஒருத்தருக்கும் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சுது.

ஷம்ஸா: உனக்குந்தானே? ரெண்டு சாட்சி இருந்ததாலதான் காஜி நோன்பை முடிச்சாரு.

கல்ஃபான்: எனக்கும்தான்... இவனுக்கு அப்புறம்.

ஷம்ஸா: பக்கத்து ஊர்ல மறுநாள்தான் பெருநாள். ஒரு நோன்பை முழுங்கிட்டீங்கன்னு என் அண்ணன் இன்னும் குத்திக் காட்டறாரு. எங்க ஸஹ்ரான் பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல மாட்டான்னு நானும் சண்டை போட்டு, இப்ப பேச்சுவார்த்தையே இல்ல.

ஸஹ்ரான்: அந்த... அந்த நடுவுல இருக்கறது என்ன?

ஷம்ஸா: எட்டு-முப்பது. பறவைக்கு நல்லா ஆகும், வானத்துக்கு ஓரளவு ஆகும். கோட்டைப் படி ஏறக் கனமில்லை. வாசல்ல நின்னு பள்ளிவாசல் மினாராவைப் பாரு.

ஸஹ்ரான்: ரெண்டு மினாரா தெரியுது.

கல்ஃபான்: போச்சு. ரெண்டு பிறை தெரிஞ்சா ரெண்டு பெருநாளா?

ஷம்ஸா: நடுவுல மடக்கு, தம்பி. ரெண்டு வட்டமும் ஒண்ணாகற வரைக்கும்... ஆச்சா? சூரியன் முழுசா முங்கின பிறகுதான் அந்தப் பக்கம் திருப்பணும். இல்லன்னா கண்ணு போயிடும்.

ஸஹ்ரான்: இதுவே இருக்கட்டும்... இல்ல, அந்த பத்தை இன்னொரு தடவை...

ஷம்ஸா: நீ யோசிச்சுட்டு இரு. உறை உள்ளே கிடக்கு, தேடி எடுத்துட்டு வர்றேன்.

கல்ஃபான்: என்னடா, கண்ணு மங்கிடுச்சா?

ஸஹ்ரான்: இல்ல.

கல்ஃபான்: பின்ன? நோன்பு தொடங்கினதுலேர்ந்து எட்டா பத்தான்னு கடை கடையா அலையற.

ஸஹ்ரான்: இன்னைக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுதுன்னு சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

கல்ஃபான்: போன வருஷமும் அப்படித்தானே சொன்ன?

ஸஹ்ரான்: நான் என்ன சொன்னேன்? யோசிச்சுப் பாரு.

கல்ஃபான்: "அதோ பாரு"ன்ன. கையை நீட்டின.

ஸஹ்ரான்: கழிமுகத்துக்கு மேல ஒரு சின்னக் கொக்கு போச்சு, கல்ஃபான். பாதம் மஞ்சளா, அவ்வளவு அழகா... அதைத்தான் உனக்குக் காட்டினேன். நீ பிறை தெரிஞ்ச மாதிரி அல்லாஹு அக்பர்னு தக்பீர் சொல்லிட்ட.

கல்ஃபான்: கொக்கா?

ஸஹ்ரான்: நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கீழே பெருநாள்னு துப்பாக்கியால வானத்துல சுட்டாங்க. காஜி வந்து நெத்தியில முத்தம் குடுத்தாரு. பார்த்தியான்னு கேட்டாரு. நான்... ஆமான்னு தலையாட்டிட்டேன்.

கல்ஃபான்: அப்பவே என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

ஸஹ்ரான்: எப்படிச் சொல்ல? நீதான் பார்த்துட்டியேன்னு நினைச்சேன். கொக்கைக் காட்டினப்ப அது பக்கத்துலயே பிறையும் இருந்திருக்கும், உன் கண்ணுல பட்டிருக்கும்னு... ஒரு வருஷமா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். பிறை அந்தப் பக்கத்துலதானே இருந்துச்சு?

கல்ஃபான்: உம்மு சாலிம்... இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?

ஷம்ஸா: இருக்கு. யாருக்கு?

கல்ஃபான்: எனக்குத்தான்... அப்படி முறைக்காதடா. நான் அன்னைக்கு உன் விரலைத் தவிர வேற ஒண்ணையும் பார்க்கல.