நாற்பத்தொரு புங்கமரங்கள்

புங்கங்கன்றுக்கு முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினால் போதும் ஐயா. அதற்குப் பிறகு அது யாரிடமும் எதுவும் கேட்காது. கள்ளக்குறிச்சி ரோட்டில் எங்கள் ஊர் எல்லையில் நின்ற நாற்பத்தொன்றையும் நான்தான் வைத்தேன். ரோட்டு வேலையில் சேர்ந்த புதிது. ஏரியிலிருந்து காவடியில் குடம் கட்டித் தண்ணீர் சுமந்தேன். பதினேழு வருஷத்தில் ரோடு முழுக்க நிழல்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. கேட்டது நியாயம்தான்; என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டார்கள். ரோட்டை மறிக்க இரண்டு மரம் போதுமே என்று மாயவனிடம் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரன்.

"கவர்மெண்டு மரந்தான சித்தப்பா, உனுக்கு இன்னா நோவுது?" என்று சிரித்தான்.

ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நாளில் ஒன்றுவிடாமல் சாய்த்தான்.

ஊர்ப்பக்கம் நின்ற கடைசி மரம் சாய்ந்த வெட்டிலேயே கோடாலி வழுக்கி அவன் தொடையில் இறங்கியது. துண்டைச் சுற்றச் சுற்ற நனைந்தது. ஆஸ்பத்திரி ஆறு மைல். ரோட்டில் வண்டி போகாது. இரு பக்கமும் நடவு போட்ட சேறு. ஓடை வழியாக ஒரு வண்டிப்பாதை உண்டு. ஆனால் முந்தாநாள் நல்ல மழை. தினமும் அந்தப் பாதையில் வருகிறவன் நான் என்பதால், அவன் பெண்டாட்டி பாப்பாத்தி என்னைத்தான் கேட்டாள்.

"ஓடையில வண்டி எறங்குமா மாமா?"

"எறங்காதும்மா. தண்ணி ஜாஸ்தியா போவுது."

கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். தலைமாட்டில் நான். ஒவ்வொரு மரத்திலும் கட்டிலை உயர்த்தி, கிளையை விலக்கி, அந்தப் பக்கம் இறக்க வேண்டும். வெட்டியதையெல்லாம் அவனே தாண்டிப் போகட்டும் என்று நினைத்தேன். அதைக் கோபம் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது மரத்தில் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். பத்தொன்பதாவதில் அவன் தலை என் கைமேல் சாய்ந்தது. மூச்சு இல்லை. மீதி இருபத்திரண்டையும் தாண்டும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அந்த ஓடையைச் சைக்கிளில்தான் தாண்டி வந்திருந்தேன். பெடல்கூட நனையவில்லை.

கட்டிலைக் கடைசிவரைக்கும் கைமாற்றாமல் தூக்கியது மாமா ஒருத்தர்தான் என்று பாப்பாத்தி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். அது பொய்யில்லை ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.