மூன்றாம் அறை மணி

மாலை ஆறரை மணி. முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலை... ஆள் இல்லை, வண்டி இல்லை. கோடை மழை பெய்து விட்டு, மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பாதை பிரியும் இடத்தில் ஜஹாங்கீரை இறக்கிவிட்டு ஜீப் போய்விட்டது. தோளில் ஒரு பை. காலடியில் சரளை நெரியும் சத்தம் மட்டும்... சரக், சரக். அவன் நின்றால் அதுவும் நின்றது. அதுவரைக்கும் நல்லதுதான்.

நம் கூட்டாளி நாகூர் கனியின் தங்கையைக் கட்டியவன்தான் இந்த ஜஹாங்கீர். மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். பேய் என்றால் சிரிப்பான். இப்போது நீங்கள் சிரிக்கிறீர்களே, அதே மாதிரி.

ஏலக்காயைப் பறித்ததும் சூட்டு அறைகளில் பரப்பி உலர்த்த வேண்டும். அந்தக் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைகளுக்குள் ஓடும். காயைத் திருப்பிவிட ஓர் ஆள் உள்ளே போனால், சூடு வீணாகாமல் வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவர் தட்டியதும் திறந்துவிட, வாசலிலேயே இன்னோர் ஆள் நிற்க வேண்டும். அதுதான் பழக்கம்.

எண்பத்தாறில் ஜஹாங்கீர் அங்கே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்தான். பெட்டிக்குள் இரண்டு அட்டைகள். ஒன்று அறைகளின் சூட்டைச் சொல்லும். மற்றது மணிக்கு. மொத்தம் நாலு அறை; ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு சுவிட்சு. அமுக்கினால் அட்டையில் அந்த அறையின் குட்டி விளக்கு எரியும், அடுப்படியில் மணி அடிக்கும். தெருவுக்குத் தெரு வீட்டு எண்கள் இருப்பது போல, ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி விலாச வரிசை. ஜஹாங்கீர் எழுதிய புரோகிராம் இரண்டு தெருவுக்கும் மாறி மாறிப் போய், என்ன சேதி என்று கேட்டுவர வேண்டும். மணி வந்ததும் முதலாளி வாசல் ஆளை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் சுவிட்சுகளுக்குள் நீராவி இறங்கி, யாரும் தொடாமலே மணி அடிக்க ஆரம்பித்தது. முதலாளி கத்தினார். ஜஹாங்கீர் மேலே போனான். எல்லாச் சுவிட்சையும் கழற்றிக் காயவைத்து மாட்ட வேண்டும். அரை நாள் வேலை. கீழே கடைசி ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போடியில் நாகூர் கனி சினிமா டிக்கெட்டோடு காத்திருந்தான். ஜஹாங்கீர் பெட்டியின் பொத்தான்களில் நாலு தட்டு தட்டினான். இனி புரோகிராம் மணி அட்டை இருக்கும் இரண்டாம் தெருப் பக்கமே போகாது. மணி அடங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னான். அடுத்த வாரம் வந்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்த தவசியிடம்... ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே, தவசியின் மனைவி மருதாயி மூன்றாம் அறைக்குள் போனாள். தாழ் போட்டது தவசிதான். உள்ளே குழாயில் ஒரு விரிசல் விட்டிருந்தது. புகை...

அவள் அந்தச் சுவிட்சை எத்தனை தடவை அமுக்கினாளோ. அந்த நேரத்தில் ஜஹாங்கீர் இடைவேளையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

துக்கத்துக்குப் போனபோது தவசி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "மணி அடிச்சிருப்பா தம்பி. விறகு வெடிச்ச சத்தத்துல எனக்குத்தேன் கேக்கல. நாந்தேன் அவளக் கொன்னுட்டேன்."

மணி அடிக்கவே இல்லை, நிறுத்தியது நான்... ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் அந்த மனிதனின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியிருக்கும். ஜஹாங்கீர் கையை உருவிக்கொண்டு மலை இறங்கிவிட்டான். அப்புறம் பழையபடி வாசலில் ஆள் நிறுத்தினார்கள். மணியை யாரும் சீந்தவில்லை.

அடுத்த கோடையில்தான், நான் சொன்ன அந்த மாலை. மணி அட்டையைக் கழற்றிக்கொண்டு, புரோகிராமைப் பழையபடி மாற்றிவைத்துவிட்டால் தடயம் போய்விடும் என்று கணக்குப் போட்டு ஏறினான். தவசி ஸ்டோர் கதவைத் திறந்துவிட்டு, எலும்பும் தோலுமாக அடுப்படியில் போய் உட்கார்ந்தான். மாசிக்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை. சாம்பல்கூட அள்ளியாகிவிட்டது.

ஜஹாங்கீர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். பொத்தான்களைத் தட்டி, புரோகிராமை மறுபடி இரண்டாம் தெருவுக்குப் போகச் சொன்னான். அட்டை இல்லாத விலாசம் அது. ஆளில்லாத வீடு. அங்கே என்ன கேட்டாலும் பெட்டியின் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்தான் வரும்: எஃப் எஃப். யாரும் இல்லை என்று அர்த்தம்.

எஃப் எஃப்.

எஃப் எஃப்.

எஃப் பி.

மூன்றாம் அறையில் யாரோ சுவிட்சில் விரல் வைத்திருந்தால் வரும் எழுத்து அது.

ஈரம் என்று நினைத்தான். துடைத்தான். எஃப் எஃப்... எஃப் பி... எஃப் எஃப்... எஃப் பி... முதலில் படபடவென்று. அப்புறம் நிதானமாக. அப்புறம் ரொம்பச் சோர்ந்து... விட்டு விட்டு. வேகும் பச்சை ஏலக்காய் வாசனை வந்தது. அதன் அடியில் புகை. கடைசியில் எழுத்து மாறவே இல்லை. எஃப் பி... எஃப் பி... விரலை எடுக்கவில்லை.

"ஒங்களுக்கும் கேக்குதா தம்பி?"

பின்னால் தவசி.

"தெனமும் இந்நேரத்துக்கு மணி அடிக்குது. வெரசா ஓடிப்போயி மூணாம் ரூமத் தெறந்து விடுறேன். வரமாட்டேங்குறா..." மூன்றாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "என்னையக் கூப்புடல போல. வேற யாரையோ கூப்புடுறா."

இதோ பாருங்கள், இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. சொல்லியிருக்கலாம். பாவிப்பயல்...

"ஒண்ணும் கேக்கலண்ணே," என்றான் ஜஹாங்கீர். "பழைய மெசினு. அப்டித்தேன் இருக்கும்."

எஃப் எஃப். விரல் எடுத்தாயிற்று.

அவன் எப்படி மலை இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. போடியில் வீட்டுக்குள் நுழைந்து பையைத் திறந்தான். அட்டை, சூட்டு அறைக்குள்ளிருந்து எடுத்த காய்த்தட்டு போலச் சுட்டது. வயர் இல்லை, பேட்டரி இல்லை. மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அணையவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டுப் பரண்மேல் வைத்தான். நாகூர் கனியிடம் மட்டும்தான் எல்லாவற்றையும் சொன்னான். போய்த் தவசியிடம் சொல்லிவிடு என்று கனி கெஞ்சாத நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "சொல்றேன் மச்சான்... அடுத்த வாரம்."

போன தை மாதம் தவசி போய்ச் சேர்ந்துவிட்டான். நாந்தேன் கொன்னேன், நாந்தேன் கொன்னேன் என்று கடைசி மூச்சு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

சேதி கேட்டதும் நாகூர் கனி தங்கை வீட்டுக்கு ஓடினான். கூடத்தில் ஜஹாங்கீர் அந்த டின்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மூடியைத் திறந்து காட்டினான்.

மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நாலாவதும்.