பதினொரு ஆட்டங்கள் ஆடிய முர்டோ

நிலக்கரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர், என்றும் என் மதிப்பிற்குரிய அலிஸ்டர் அவர்களே! சுரங்கத்துத் தூசியில் பாதி மூச்சைத் தொலைத்து, இன்று நெஞ்சை நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஞாயிறுதோறும் ரொட்டியும் மீனும் கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்த தாய்மார்களே! முதல் வரிசையில், பேசாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் முர்டோ மக்கிவரே! வணக்கம்.

இன்று நம் பேஸ்பால் மைதானத்துக்கு முர்டோவின் பெயரைச் சூட்டுகிறோம். எத்தனை ஆண்டு ஆடினான் இவன்? ஒரே ஒரு கோடை! எத்தனை ஆட்டங்கள்? பதினொன்று! யாரது அங்கே சிரிப்பது? சிரியுங்கள். அந்தப் பதினொன்றிலும் இவன் வீசிய பந்தைப் பிடித்தவன் நான். என் இடது உள்ளங்கையைக் கேட்டுப் பாருங்கள்!

துறைமுகத்து அணியோடு, அவர்கள் மண்ணில், அந்தக் கடைசி ஆட்டம். பாஸ்டனிலிருந்து ஒருவர் இவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். பிடித்துப்போனால் பெரிய அணி, பெரிய வாழ்வு. ஒன்பது சுற்றில் முடிய வேண்டிய ஆட்டம்; ஒன்பதும் முடிந்தது, இரு அணிக்கும் ஓட்டம் இல்லை. பத்து முடிந்தது, ஓட்டம் இல்லை. பதினோராவது சுற்றில் முர்டோ என்னைக் கையசைத்து அழைத்தான்.

"ஹெக்டர், முழங்கையில என்னமோ கடக்குன்னுச்சுடா."

"நிறுத்திடலாமா?"

"வாயை மூடு. மேனேஜர் காதுல விழுந்துச்சுன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

நான் வாயை மூடினேன் தோழர்களே! மூடினேன்!

பதினான்காவது சுற்றில் நமக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. அவர்கள் ஆட வந்தார்கள். இருவர் அவுட், ஓட்டம் எடுக்க ஒரே தளம் மிச்சமாக, மூன்றாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான். எதிரே அவர்களுடைய மலைபோன்ற மட்டையாளன். இன்னும் ஒரே பந்தை அவன் தவறவிட்டால் மூன்றாவது அவுட், வெற்றி நமது. மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி அமர்ந்து, என்ன பந்து வேண்டும் என்று விரலால் கேட்பவன் நான். நேர்ப்பந்து கேட்டிருக்கலாம். கேட்டேனா? வளைபந்து கேட்டேன்! முழங்கையை முறுக்கி வீசும் பந்தை, முறிந்துகொண்டிருந்த முழங்கையிடம் கேட்டேன்! முர்டோ நெடுநேரம் என்னையே பார்த்தான். தலையசைத்தான். வீசினான். அந்தப் பந்து வந்தது, வளைந்தது, விழுந்தது. மட்டை காற்றை வெட்டியது!

முர்டோவைத் தோளில் தூக்கினோம். கூட்டத்துக்குக் கையசைக்க அவனால் கையைத் தூக்க முடியவில்லை.

அடுத்த வசந்தத்தில் பாஸ்டன்காரர் மறுபடி வந்தார். ஆறு பந்துகள் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார், போய்விட்டார். முர்டோ முப்பத்தொரு ஆண்டுகள் சுரங்கத்துக்குள் இறங்கினான்.

இந்த மேடையில் சொல்கிறேன்: வெற்றிக்கு ஆசைப்பட்டு அந்தக் கையை முறித்தவன் நான்! என்ன முர்டோ? எழுந்து நின்று ஏதோ சொல்கிறான், அமைதி, அமைதி!

"டேய் கூறுகெட்டவனே! நீ கேட்டா மட்டும் போதுமா? நான் தலையாட்ட வேணாமா? நேரா போட்டிருந்தா அந்தத் தடியன் கடல்லயே கொண்டுபோய்ப் போட்டிருப்பான். உட்காருடா!"

கேட்டீர்களா? முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் கேட்கப் பயந்த பதில் இது!

அந்த ஒரு மாலை எங்களுக்குப் போதும் என்று பேசி முடிப்பதுதான் மேடைக்கு அழகு. போதாது தோழர்களே! எனக்குப் போதாது. காலையில் முட்டி மடங்குவதில்லை. ஆனாலும் அவன் எதிரே ஒருமுறை குந்தி அமர்ந்து, அந்தக் கை மேலே எழுவதைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஆட்டம் ஒன்று வேண்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. முர்டோ, உனக்கு என் வணக்கம்.